வீட்டுக்குப் பின்னால் 30க்கு 18 அடி இடம்: வைத்த செடியெல்லாம் வெளுக்கிறது, எங்கிருந்து தொடங்குவது?

முல்லைப்பந்தல் எழுதியது:

வணக்கம். புது வீட்டுக்குக் குடிவந்து 14 மாதங்கள் ஆகின்றன. வீட்டின் பின்னால் 30 அடி நீளமும் 18 அடி அகலமுமாக வெறும் மண் கிடக்கிறது. மூன்று பக்கம் மதில், நான்காவது பக்கம் சமையலறைச் சுவர். வாடகை வீடுகளின் மாடிப்படியிலும் சன்னல் விளிம்பிலும் தொட்டி வைத்தே காலம் கழித்தவள் நான். தரையில் வேர் பிடித்து நிற்கும் செடி ஒன்றாவது என் கையால் வைக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அந்த ஆசையில் அவசரப்பட்டுவிட்டேன்.

குடிவந்த மறுவாரமே மதிலோரம் இட்லிப்பூச் செடிகள் நான்கு, குண்டுமல்லி இரண்டு, செம்பருத்தி ஒன்று, எலுமிச்சை ஒன்று என்று வரிசையாக நட்டேன். செம்பருத்தி மட்டும் எப்படியோ சமாளித்து நிற்கிறது. இட்லிப்பூச் செடிகளின் துளிர் இலைகள் வெளிறிய மஞ்சளாக வருகின்றன. நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிகிறது. மல்லி கொடியாக நீள்கிறதே தவிர மொட்டு வைப்பதில்லை. எலுமிச்சை மூன்றாம் மாதமே போய்விட்டது. பிடுங்கிப் பார்த்தபோது அடித்தண்டு பஞ்சுபோல் அழுகியிருந்தது. இத்தனைக்கும் அதற்குத்தான் முழங்கால் ஆழக் குழி வெட்டி, பாதிக் குழிக்கு மேல் தொழுவுரம் நிரப்பி, மற்ற எல்லாவற்றையும் விட அதிகக் கவனம் எடுத்துக்கொண்டேன்.

மழை பெய்தால் சமையலறைச் சுவரை ஒட்டி ஒரு சாண் அளவு தண்ணீர் தேங்கி, வடிய இரண்டு நாளாகிறது. அதே சமயம் மதிலோரத்து மண் மறுநாளே வெடிக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் எப்படி நடக்கிறது என்று புரியவில்லை.

இப்போது காகிதத்தில் ஒரு வரைபடம் போட்டிருக்கிறேன். நடுவில் ஒரு மாமரம், அதைச் சுற்றி வட்டமாக நடைபாதை, மூலையில் காய்கறிப் பாத்தி, இன்னொரு மூலையில் அம்மா உட்கார ஒரு கல்மேடை. அம்மாவுக்கு முழங்கால் வலி. மாலையில் ஒரு மணி நேரம் வெளிக்காற்றில் உட்கார வேண்டும் என்பதுதான் அவர் கேட்ட ஒரே விஷயம். பிள்ளைகள் இருவருக்கும் ஓட இடம் வேண்டும். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இன்னொரு முறை செடிகளைச் சாகவிட மனமில்லை.

மூலைமட்டம் எழுதியது:

அம்மா, நான் 31 ஆண்டுகள் கொத்தனாராக வேலை பார்த்தவன். இப்போது கரண்டியை வைத்துவிட்டுத் தோட்ட வேலைதான் செய்கிறேன். உங்கள் மண்ணை நான் பார்க்கவில்லை. ஆனால் ஒரு புது வீட்டின் பின்புறத்தில் என்ன புதைந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். நானே எத்தனையோ வீடுகளில் புதைத்திருக்கிறேன். செடியின் பக்கம் வந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய தவறு என்று உணர்ந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டும்போது மேல்மண் முதலில் வெளியே வரும். அதை வாரிப் பின்புறத்தில் கொட்டுவோம். அதன்மேல் அடியிலிருந்து வரும் கெட்டி மண்ணைக் கொட்டுவோம். உயிருள்ள மண் கீழேயும் உயிரற்ற மண் மேலேயுமாக அங்கேயே தலைகீழாகிவிடுகிறது. பிறகு அந்த இடத்தில்தான் ஜல்லியும் மணலும் வந்து இறங்கும், லாரி ஏறி மிதிக்கும், கலவை போடுவோம், பூச்சு வேலை முடிந்து சட்டியும் கரண்டியும் கழுவுவோம். வீட்டை ஒப்படைக்கும் வாரத்தில் உடைந்த செங்கல், ஓட்டுத்துண்டு, மிஞ்சிக் கெட்டிப்பட்ட சிமென்ட் எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளி, ஒரு நடை செம்மண் பரப்பிவிட்டுப் போவோம். பார்க்க அழகாக இருக்கும். அந்த அழகு நாலு அங்குலம்தான்.

உங்கள் இட்லிப்பூச் செடி வெளுப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். சிமென்ட்டிலும் பூச்சுக் கலவையிலும் உள்ள சுண்ணாம்பு மண்ணில் இறங்கி அதைக் காரத்தன்மை ஆக்குகிறது. காரமான மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. புதுத் துளிர் மஞ்சளாகி நரம்பு பச்சையாக நிற்பது இரும்புப் பற்றாக்குறையின் அடையாளம். இட்லிப்பூவுக்கு இது மற்ற செடிகளை விடச் சீக்கிரம் தெரியும். மதிலை ஒட்டி வைத்தால் இன்னும் சீக்கிரம். இரும்புச்சத்து வாங்கித் தெளித்தால் கொஞ்ச நாள் பச்சையாகும், மறுபடி வெளுக்கும். சுண்ணாம்பு அங்கேயே இருக்கிறதே.

உறுதி செய்துகொள்ள ஒரு வழி. மதிலோரத்தில் ஓரடி ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து உலர்த்துங்கள். அதன்மேல் கொஞ்சம் வினிகர் விட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். பொரிவது போல் மெல்லிய சத்தம் வந்து நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. இதே சோதனையை இடத்தின் நடுவிலும் செய்யுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும்.

அடுத்தது தண்ணீர். நான்கு இடங்களில் ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் குழி எடுங்கள். நிறையத் தண்ணீர் ஊற்றி ஒரு முறை முழுக்க வடிய விடுங்கள். மீண்டும் நிரப்பி, ஒரு குச்சியில் கோடு கிழித்து நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து எழுதி வையுங்கள். ஓர் அங்குலத்திலிருந்து மூன்று அங்குலம் வரை இறங்கினால் பெரும்பாலான செடிகளுக்கு நல்ல இடம். ஓர் அங்குலத்துக்கும் குறைவென்றால் அடியில் மண் இறுகிக் கிடக்கிறது. அங்கே எதை வைத்தாலும் வேர் மூச்சுத் திணறும்.

இந்த இரண்டும் தெரியாமல் வரைபடத்தைத் தொடாதீர்கள். முடிவுகளை இங்கே எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.

நிழல்தேடி எழுதியது:

மாமரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வேண்டாம். ஆசையோடு நடுவில் வரைந்திருப்பீர்கள், சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் மா தன் இயல்பில் வளர்ந்தால் உங்கள் 18 அடி அகலத்தையும் தாண்டிக் கிளை பரப்பும். பத்தாம் ஆண்டில் அதன் கீழே மல்லியும் பூக்காது, கத்தரியும் காய்க்காது. காய்கறிக்கு நாளுக்கு 6 மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். வேரைப் பற்றியும் பலருக்குத் தவறான எண்ணம் உண்டு. மரத்தின் உயரம் அளவுக்கு வேர் கீழே போகும் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலான வேர்கள் மேலே இரண்டடிக்குள்தான் இருக்கும். ஆனால் பக்கவாட்டில் கிளை விரிப்பைத் தாண்டியும் ஓடும்.

மரம் வேண்டுமென்றால் கொய்யா வையுங்கள். அது புதுத் துளிரில்தான் காய்க்கும் என்பதால் வெட்ட வெட்ட நல்லது. எட்டடி உயரத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். மாதுளையும் அப்படித்தான் அடங்கி நிற்கும். ஆல், அரசு, அத்தி வகைகளின் கன்று மதில் இடுக்கில் முளைத்தால் விரல் அளவு இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். விட்டால் மதிலைப் பிளந்துவிடும்.

எலுமிச்சை செத்ததற்குக் காரணம் உங்கள் அன்புதான் என்று தோன்றுகிறது. குழி நிறையத் தொழுவுரம் இட்டால் அது மக்க மக்கச் சுருங்கும். மேலே இருக்கும் கன்றும் கூடவே கீழே இறங்கும். அடித்தண்டு மண்ணுக்குள் புதைந்து, சுற்றிலும் தண்ணீர் தேங்கி அழுகல் பிடிக்கும். குழியின் ஆழம் வேர்ப்பந்தின், அதாவது கன்றின் வேரோடு ஒட்டிய மண் உருண்டையின், உயரம் எவ்வளவோ அவ்வளவுதான் இருக்க வேண்டும். அகலம் இரண்டு மூன்று மடங்கு இருக்கட்டும். எடுத்த மண்ணையே திரும்பப் போடுங்கள். தொழுவுரம் மேலே பரப்புவதற்கு.

மூலைமட்டம் எழுதியது:

நிழல்தேடி சொல்வது நல்ல நிலத்துக்குச் சரி. எடுத்த மண்ணையே திரும்பப் போடுங்கள் என்பது இந்த அம்மாவின் இடத்துக்குப் பொருந்தாது; எடுப்பதில் பாதி செங்கல் கல்லாக இருக்கும். இங்கே ஆழமாகத்தான் தோண்ட வேண்டும், உரம் போட அல்ல, குப்பையை வெளியேற்ற. வெளியேற்றிய பிறகு நல்ல மண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, காலால் மெல்ல மிதித்து, தண்ணீர் விட்டு, இரண்டு வாரம் அமர விட்டுப் பிறகு நட வேண்டும். அப்போது கன்று கீழே இறங்காது. உரம் மேலேதான் என்பதில் எனக்கும் அவருக்கும் ஒரே கருத்து.

தேன்சிட்டு எழுதியது:

மல்லி பற்றி யாரும் சொல்லவில்லை. அது வெயில் செடி. மதில் நிழலில் வைத்திருந்தால் வெளிச்சத்தைத் தேடி நீண்டுகொண்டே போகும், மொட்டு வைக்காது. முழு வெயிலுக்கு மாற்றுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை முழங்கால் உயரம் விட்டு மேலே உள்ள கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யுங்கள். புதிதாக வெடிக்கும் கிளைகளின் நுனியில்தான் பூக்கும். நிழல் விழும் மதிலுக்கு நந்தியாவட்டை அல்லது மனோரஞ்சிதம் போதும்.

வெயில் எங்கே விழுகிறது என்பதை ஒரே நாளில் முடிவு செய்யாதீர்கள். சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும் மாதங்களில் ஒரு பக்கம், தெற்கே சாய்ந்திருக்கும் மாதங்களில் மறுபக்கம் என்று மதில் நிழல் இடம் மாறும். இன்று வெயிலில் இருக்கும் பாத்தி ஆறு மாதத்தில் நிழலுக்குள் போகலாம். காலை 9, நண்பகல், மாலை 4 என்று மூன்று வேளையும் நிழல் விளிம்பில் ஒரு குச்சி நடுங்கள். மாதம் ஒரு முறை செய்தால் போதும்.

இன்னொரு வேண்டுகோள். மறுபடி எலுமிச்சை வைத்தால், இலையில் பறவை எச்சம் போல் கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று ஒட்டியிருக்கும். எச்சம் என்று நினைத்துத் தட்டிவிடாதீர்கள், பூச்சி என்று மருந்தும் அடிக்காதீர்கள். அது வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர்ந்ததும் தோல் உரித்துப் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போல் ஒன்றை நீட்டி வாடை விடும். என் மகள் முதன்முதலில் அதைத் தொட்டுப் பார்த்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் அந்தச் செடி அவளுடையது. நாலு இலை போனால் செடி சாகாது. உங்கள் பிள்ளைகளுக்கு ஓட இடம் கொடுப்பது போலவே உட்கார்ந்து பார்க்க இப்படி ஒரு செடியும் கொடுங்கள்.

அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி வந்தால் முதலில் தண்டில் எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். எறும்புதான் அசுவினியைக் காவல் காக்கும். பொறிவண்டின் புழுக்கள் அசுவினியைத் தின்னும். கருமையாக, முதலை போல் நீண்டிருப்பதால் பலர் தீய பூச்சி என்று நசுக்கிவிடுகிறார்கள்.

முல்லைப்பந்தல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூலைமட்டம் ஐயா, நீங்கள் சொன்ன இரண்டையும் செய்துவிட்டேன்.

வினிகர்: மதிலோர மண் நன்றாகவே பொரிந்தது. காதருகே கொண்டுபோகத் தேவையே இல்லை, நுரை கண்ணுக்குத் தெரிந்தது. நடுப்பகுதியில் ஒன்றும் ஆகவில்லை.

குழி: சமையலறைச் சுவரோரம் ஒரு மணி நேரத்தில் கால் அங்குலம்தான் இறங்கியது. நடுவில் ஒன்றரை அங்குலம். பின்மதில் பக்கம் இரண்டு. இடது மூலையில் குழியே எடுக்க முடியவில்லை. அரையடியில் மண்வெட்டி ணங்கென்று நின்றுவிட்டது. பிறகு கடப்பாரை போட்டுத்தான் எடுத்தோம். முழு மூட்டையாகக் கெட்டிப்பட்ட சிமென்ட். சாக்கு மக்கிப்போய், அதன் பின்னல் மட்டும் கல்லில் அச்சாகப் பதிந்திருந்தது. ஓரத்தில் கட்டியிருந்த முடிச்சுகூடத் தெரிந்தது. அதைச் சுற்றி ஓட்டுத்துண்டும் கம்பியும். என் இட்லிப்பூச் செடிகளில் இரண்டு அதற்கு ஒரு முழம் தள்ளித்தான் நிற்கின்றன. அவற்றிடம் எதை எதிர்பார்த்தேன் என்று நினைத்தபோது மனது கனத்துப்போனது.

மூட்டையை உருட்டிய பிறகு இன்னும் ஓரடி தோண்டினோம். அங்கே மண்ணின் நிறம் மாறியது. கருமையாக, ஈரமாக, பிடித்தால் உருண்டையாகி விரலால் அழுத்தினால் உதிரும் மண். அதில் ஒரு மண்புழு. சின்னவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் தரவில்லை.

இனி என்ன செய்ய?

மூலைமட்டம் எழுதியது:

அந்தக் கறுப்பு மண்தான் உங்கள் நிலத்தின் மேல்மண். அது இருப்பதைக் கேட்டு எனக்கு மிகவும் மகிழ்ச்சி. மதிலோரம் இரண்டடி அகலத்துக்கு, ஒன்றரை அடி ஆழம் வரை குப்பையை எடுங்கள். ஒரே நாளில் வேண்டாம். மதிலின் அடித்தளம் தெரியும் அளவுக்கு நெருங்கவும் வேண்டாம், அரையடி விட்டே தோண்டுங்கள். கறுப்பு மண்ணைத் தனியே குவித்து மூடி வையுங்கள். இட்லிப்பூச் செடிகளை இப்போதைக்குப் பெரிய தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

சமையலறைச் சுவர்ப் பக்கம் தண்ணீர் தேங்குவது செடி வேலை அல்ல, கொத்து வேலை. மண் வீட்டை நோக்கிச் சரிந்திருக்கிறது, அத்துடன் லாரி மிதித்து இறுகியிருக்கிறது. உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையிலும் தண்ணீர் நிற்கும் உயரத்தை வைத்து மட்டம் பாருங்கள். சுவரிலிருந்து 10 அடிக்கு 6 அங்குலம் தோட்டத்தை நோக்கி இறங்க வேண்டும். அந்தப் பகுதியைக் கடப்பாரையால் குத்தி இளக்கி, மண்ணைச் சரித்துவிட்டால் அஸ்திவாரமும் பிழைக்கும், செடிகளுக்கும் தண்ணீர் போகும். கூரைத் தண்ணீர் அந்தப் பக்கம் விழுகிறதா என்றும் பாருங்கள். 40 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 400 லிட்டர் வரும். அதைக் குழாய் வைத்து, நன்றாக வடியும் பின்மதில் பக்கத்துக்குக் கொண்டுபோங்கள்.

இனி வரைபடம். வட்டப் பாதையை விட்டுவிடுங்கள். யாரும் வட்டமாக நடப்பதில்லை. சமையலறைக் கதவிலிருந்து துணிக்கொடிக்கும், துணிக்கொடியிலிருந்து தண்ணீர்க் குழாய்க்கும் நீங்கள் 14 மாதமாக நடந்த தடம் மண்ணில் இருக்கும். காலை வெயில் சாய்வாக விழும்போது நின்று பாருங்கள், ஒற்றையடிப் பாதையாகத் தெரியும். அதுதான் உங்கள் பாதை. அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் மூன்றடி அகலம் வையுங்கள், ஒருவர் கைப்பிடித்துக் கூட நடக்க வேண்டும். படி வேண்டாம், சரிவாகவே போகட்டும். காய்கறிப் பாத்தி நாலடி அகலத்துக்கு மேல் போகக் கூடாது. இரண்டு பக்கமிருந்தும் கை எட்ட வேண்டும், பாத்திக்குள் கால் வைக்கக் கூடாது. கோடு போடச் சுண்ணாம்புத்தூள் மட்டும் வேண்டாம். முளை அடித்துக் கயிறு கட்டுங்கள்.

கோடு போட்ட பிறகும் செடி வாங்கப் போகாதீர்கள். பாத்தி வரும் இடம் முழுக்கத் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடியை விதையுங்கள். சதுர மீட்டருக்கு 5 கிராம் விதை போதும். காரமான மண்ணையும் தாங்கி வளரும், இறுகிய மண்ணுக்குள் வேரை இறக்கும், வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும். 45 நாளில், பூ எடுக்கும் நேரத்தில் வெட்டி மண்ணோடு புரட்டிவிடுங்கள். அது மக்க இரண்டு வாரம். பிறகு முதலில் மரம், அடுத்துப் புதர்ச் செடிகள், கடைசியாகக் காய்கறி. நட்டதும் நாலு அங்குலம் காய்ந்த இலைச் சருகு மூடாக்கு. தண்டிலிருந்து ஒரு கையளவு தள்ளி.

நிழல்தேடி எழுதியது:

ஐயா சொன்ன ஆழத் தோண்டலை இப்போது ஏற்றுக்கொள்கிறேன். சிமென்ட் மூட்டையை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த இடது மூலையில்தான் கொய்யாவை வையுங்கள் என்று சொல்ல வந்தேன், நிழல் எங்கே விழும் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முல்லைப்பந்தல் எழுதியது:

இரண்டு மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன். தக்கைப்பூண்டு இடுப்பு உயரம் வந்தது. மஞ்சள் பூ நாலைந்து கண்ணில் பட்டதும் வெட்டினோம். ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தேன். கடுகு கடுகாக முடிச்சுகள். நகத்தால் ஒன்றைப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. புரட்டிப்போட்ட இடத்தில் மீண்டும் குழி எடுத்து அளந்தேன். சமையலறைப் பக்கம் கால் அங்குலமாக இருந்தது இப்போது ஓர் அங்குலத்தைத் தொடுகிறது. சென்ற வார மழையில் சுவரோரம் தண்ணீர் நிற்கவில்லை.

கல்மேடையை இன்னும் கட்டவில்லை. அதற்குப் பதிலாக ஒரு நாற்காலியைத் தினமும் ஓர் இடத்தில் போட்டு அம்மாவை உட்காரச் சொன்னேன். நான் வரைந்திருந்த மூலையில் பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டார். மதில் பகல் வெயிலை வாங்கி மாலையில் சூட்டைக் கக்குகிறது என்றார். ஒன்பதாம் நாள் நாற்காலியை அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார், துணிக்கொடிக்குப் பக்கத்தில், பாதை வளையும் இடத்தில். அங்கிருந்து சமையலறையில் நான் நிற்பதும் தெரிகிறது, பிள்ளைகள் ஓடுவதும் தெரிகிறது. நேற்று அந்த நாற்காலியின் நான்கு கால்களுக்கும் முளை அடித்துவிட்டேன். கொய்யா அதற்கு மேற்கே வருகிறது.